இரண்டு ஏஸ், ஐந்தாம் இடம்: ஒரு சிறிய ஒமாஹா போட்டியின் ஆய்வு

லண்டனில் நான் அவ்வப்போது போகும் ஒரு சீட்டாட்ட அறையில் வாரநாள் இரவுகளில் சிறிய போட்டிகள் நடக்கும். அன்றைக்கு பாட் லிமிட் ஒமாஹா, போக்கரில் ஒரு வகை. 18 பேர், இரண்டு மேசை. நுழைவுக் கட்டணம் 30 பவுண்ட். அதில் 5 அறைக்குப் போக, 25 பரிசுத் தொகைக்கு. மொத்தப் பரிசு 450 பவுண்ட். முதல் நான்கு இடங்களுக்கு 180, 135, 90, 45 என்று பிரிப்பு. ஆளுக்கு 5,000 சிப் (பந்தய வில்லை). ஒவ்வொரு கைக்கும் இருவர் முன்கூட்டியே போட வேண்டிய கட்டாயத் தொகைதான் பிளைண்ட், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. 15 நிமிடத்துக்கு ஒரு முறை அது ஏறும், ஒவ்வொரு ஏற்றமும் ஒரு நிலை.

நான் ஐந்தாவதாக வெளியேறினேன், கையில் இரண்டு ஏஸ் இருந்தும். ஆட்டம் முடிந்து ரயிலில் வரும்போது துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, அது பெரும்பாலும் என் தப்பு. அந்தக் கணக்கையும், அதற்கு முன் நடந்த இரண்டு கைகளையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். சிறிய ஒமாஹா போட்டி ஆடுகிற பலரும் இதே இடத்தில்தான் வெளியேறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டப்படி பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு அங்கே தடை. கீழே உள்ள கணக்குகளைப் பணமில்லாமல், நண்பர்களோடு வெறும் சிப் வைத்து ஆடியும் சோதித்துப் பார்க்கலாம். கணக்கு மாறாது.

கைக்கு இரண்டு சீட்டு வரும் ஹோல்டம் போக்கர் மட்டும் ஆடியவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒமாஹாவில் கைக்கு நான்கு சீட்டு. முடிவில் அதில் சரியாக இரண்டையும், மேசையில் திறந்திருக்கும் ஐந்தில் சரியாக மூன்றையும் சேர்க்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த ஐந்தில் முதலில் ஒன்றாகத் திறக்கும் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். நான்கு சீட்டில் ஆறு ஜோடி பிறக்கிறது. ஆகவே எதிரில் இருப்பவர் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். பாட் லிமிட் என்பதால் ஒரே அடியாக எல்லாச் சிப்பையும் தள்ள முடியாது. நடுவில் சேர்ந்திருக்கும் தொகை அளவுக்குத்தான் உயர்த்தலாம். அந்தத் தொகைதான் பாட். பிளைண்ட் 50/100 இருக்கும்போது முதல் ஆளாக உயர்த்தினால் உச்சம் 350 (பெரிய பிளைண்டுக்குச் சமமாக 100, அப்போது நடுவில் 250, அதன் மேல் 250). அதாவது பெரிய பிளைண்டைப்போல மூன்றரை மடங்கு. இந்த மூன்றரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் கை: சீக்கிரம் வந்த ஏஸ்கள்

இரண்டாம் நிலை, பிளைண்ட் 50/100. கையில் ஏறக்குறைய தொடக்கச் சிப் முழுவதும், அதாவது 5,000 இருக்கிறது. நான் டீலர் பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில். எனக்கு முன்னால் இரண்டு பேர் வெறுமனே 100 போட்டு நுழைந்திருந்தார்கள். என் கை ஏஸ், ஏஸ், 8, 3. நான்கும் நான்கு இனம்.

முழு பாட் உயர்த்தினேன், 550. சின்ன பிளைண்ட் விலகினார். மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். பாட் 2,250, என்னிடம் மிச்சம் 4,450. ஃப்ளாப்பில் 10, 9, 5. அதில் இரண்டு ஆர்ட்டின். முதலில் பேசியவர் முழு பாட் கட்டினார், அடுத்தவர் சேர்ந்துகொண்டார். நான் சீட்டை மூடி வைத்தேன்.

மூடியது சரி. அந்த ஃப்ளாப்பில், மூன்று பேருக்கு எதிரே, வேறு எந்த வாய்ப்பும் இல்லாத ஒற்றை ஏஸ் ஜோடி கிட்டத்தட்ட வெறும் கைதான். தப்பு அதற்கு முன்னால் நடந்தது. 550 போட்டதன் மூலம் என் ஸ்டாக்கில், அதாவது கைவசம் இருந்த சிப்பில், ஒன்பதில் ஒரு பங்கை ஒரு கைக்குக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கையை ஃப்ளாப்புக்குப் பிறகு ஆட வழியே இல்லை. என் 8ம் 3ம் எதனோடும் சேராது. ஒரே இனத்தில் இரண்டு சீட்டு இல்லாததால் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) வராது. ஏஸ் இன்னொன்று விழுந்தால்தான் உண்டு.

ஹோல்டமில் இரண்டு ஏஸ், இரண்டு கிங்கை ஐந்துக்கு நான்கு தடவைக்கு மேல் வெல்லும். ஒமாஹாவில் கண்மூடி எடுத்த ஏதோ ஒரு கைக்கு எதிராகவே ஏஸ் ஜோடி சராசரியாக மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் வெல்கிறது. எதிரே மூன்று பேர் என்றால் சொல்லவே வேண்டாம். ஃப்ளாப்புக்கு முன்பே ஸ்டாக்கில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகுமானால் ஏஸ்களை வைத்து உயர்த்தலாம். அப்போது மிச்சம் ஃப்ளாப்பில் தானாகப் போய்விடும், எதிராளிக்கு நம்மை விரட்ட இடமில்லை. அந்த அளவு போகாது என்றால், இப்படிப்பட்ட துணையில்லாத ஏஸ்களை 100 கொடுத்து மலிவாகப் பார்ப்பதே மேல். அன்று நான் அப்படிச் செய்திருக்க வேண்டும். 450 சிப் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு சீட்டில் ஏஸ் ஜோடி வருவது சுமார் 39 கைக்கு ஒரு முறை. மூன்று மணி நேரப் போட்டியில், நேரில் சீட்டுப் போட்டு ஆடும் மேசையில், ஓரிரு முறை வரலாம். அதற்காகக் காத்திருப்பதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நான்கு சீட்டுதான் திட்டம். குயின், ஜாக், 10, 9 இரண்டிரண்டாக ஒரே இனத்தில் இருந்தால், நான் மேலே சொன்ன அந்த ஏஸ்களைவிட அதை மகிழ்ச்சியோடு ஆடுவேன். மூன்று நல்ல சீட்டோடு ஒட்டாமல் தொங்கும் நான்காவது சீட்டு இருந்தால், ஆறு ஜோடியில் மூன்று வீண் என்று அர்த்தம்.

இரண்டாவது கை: இருபது சீட்டு

நான்காம் நிலை, 100/200. பிளைண்ட் கொடுத்துக் கொடுத்து என்னிடம் 4,200. பெரிய பிளைண்டில் இருக்கிறேன். மூன்று பேர் 200 போட்டு நுழைந்தார்கள், சின்ன பிளைண்டும் சேர்ந்துகொண்டார். என் கை 10, 9, 6, 5. யாரும் உயர்த்தாததால் இலவசமாக ஃப்ளாப் பார்த்தேன். காசு கொடுத்து இதை ஆடியிருக்க மாட்டேன்.

ஃப்ளாப் 8, 7, 2, மூன்றும் வெவ்வேறு இனம். பாட் 1,000. என்னிடம் மிச்சம் 4,000.

இதைத்தான் ஒமாஹாக்காரர்கள் ராப் என்கிறார்கள். மேசைச் சீட்டு இரண்டையும் என் கை இருபுறமும் சுற்றி வளைத்திருக்கிறது. ஜாக் விழுந்தால் ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு. 10, 9, 6, 5, 4 எது விழுந்தாலும் ஸ்ட்ரெய்ட். எண்ணிப் பார்த்தால் ஜாக் நான்கு, 4 நான்கு, மற்ற நான்கு எண்களில் மும்மூன்று. மொத்தம் 20 சீட்டு. எனக்குத் தெரியாத 45 சீட்டில் 20. ரிவருக்குள் ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம்.

இங்கே நின்று கவனிக்க வேண்டியது, அந்த 20ம் ஒரே தரம் இல்லை. 10 விழுந்தால் ஜாக்கும் 9ம் வைத்திருப்பவர் என்னை வெல்வார். 9 விழுந்தால் ஜாக்கும் 10ம் வைத்திருப்பவர் வெல்வார். இந்த ஆறு சீட்டைக் கழித்தால் 14. அந்த 14ல் எது வந்தாலும் அந்த நேரத்தில் மேசையில் என்னைவிட உயர்ந்த கை இருக்க முடியாது. ஒமாஹாவில் எண்ண வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். இரண்டாம் தரமான ஸ்ட்ரெய்ட் வந்த மகிழ்ச்சியில் எல்லாச் சிப்பையும் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் கொடுத்திருக்கிறேன்.

சின்ன பிளைண்ட் சும்மா தட்டினார், அதாவது எதுவும் கட்டாமல் விட்டார். நான் முழு பாட் கட்டினேன், 1,000. காத்திருந்து அடுத்தவர் கட்டுவதைக் கால் செய்வதைவிட, அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்வதைவிட, இது நல்லது. நான் முதலில் கட்டினால் எல்லோரும் விலகி அந்த 1,000 உடனே என்னிடம் வரவும் வழி இருக்கிறது. கால் செய்தால் சீட்டு விழுந்தால்தான் உண்டு.

இருவர் விலகினார்கள். கடைசி ஆள் பாட் என்று சொன்னார். நான் கட்டிய 1,000க்குச் சமமாக 1,000, அப்போது நடுவில் 3,000, அதன் மேல் 3,000. ஆக மொத்தம் 4,000. என் ஸ்டாக்குக்குச் சரியாக வந்துவிட்டது. சின்ன பிளைண்டும் விலகினார். இப்போது நான் 3,000 போட்டால் மொத்தப் பாட் 9,000. மூன்றில் ஒரு முறை வென்றால் போதும். எதிரே மூன்று 8 இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு எண்ணினேன். மேசைச் சீட்டு ஜோடியானால் அவருக்கு ஸ்ட்ரெய்ட்டை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரு எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு), எனக்கு வேலை முடிந்தது. அதையெல்லாம் கழித்த பிறகும் என் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலே, 53 சதவீதம் அளவில் நிற்கிறது. எதிரே இருக்கக்கூடிய மிக உயர்ந்த கைக்கு எதிராகவே இந்த நிலை.

கால் செய்தேன். அவரிடம் மூன்று 8தான் இருந்தது. டர்னில் 4, ரிவரில் குயின். 9,000 சிப் ஆனது.

ரிவரில் 2 விழுந்து நான் வெளியேறியிருந்தாலும் இந்தக் கையைப் பற்றி இதையேதான் எழுதியிருப்பேன்.

ஒன்பதிலிருந்து ஐந்து வரை

இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. ஒரே மேசையாக ஒன்பது பேர் சேர்ந்தபோது நிலை 300/600. பெரும்பாலும் சீட்டை மூடிக்கொண்டு இருந்தேன். கடைசி இடங்களில் இருந்து, எனக்கு முன் யாரும் நுழையாதபோது மட்டும், சேர்ந்து நிற்கும் கைகளை வைத்து உயர்த்தினேன். மூன்று முறை பிளைண்டுகள் சண்டையில்லாமல் கிடைத்தன. ஒரு முறை ஃப்ளாப்பில் கட்டி எடுத்தேன். ஒரு குட்டி ஸ்டாக்கை வெளியேற்றினேன். யாரோ உயர்த்தியதற்குப் பதிலாக ஒரு தடவைகூட மறு உயர்த்தல் செய்யவில்லை. நினைத்துப் பார்க்கையில் அன்று நான் நன்றாக ஆடிய நேரம் இதுதான்.

மூன்றாவது கை

நிலை 600/1,200. ஐந்து பேர் மிச்சம், நான்கு பேருக்குப் பரிசு. சிப் நிலவரம் இது: டீலர் பட்டனில் இருந்த பெரிய ஸ்டாக்காரரிடம் 34,000. அடுத்தவரிடம் 22,000. என்னிடம் 15,000. இன்னொருவரிடம் 13,000. சின்ன பிளைண்டில் இருந்தவரிடம் 6,000.

பெரிய ஸ்டாக்காரர் முழு பாட் உயர்த்தினார், 4,200. சின்ன பிளைண்ட் விலகினார், அவரிடம் 5,400. பெரிய பிளைண்டில் நான். சீட்டைத் திறந்தால் ஏஸ், ஏஸ், குயின், 4. ஒரு ஏஸும் குயினும் ஆர்ட்டின்.

யோசிக்கவே இல்லை. பாட் என்றேன். மொத்தம் 13,200. மிச்சம் 1,800தான், ஆகவே உண்மையில் எல்லாமே உள்ளே. அவர் கால் செய்தார். கையில் 10, 9, 8, 7, இரண்டிரண்டு ஒரே இனம். ஃப்ளாப் ஜாக், 8, 3. மிச்ச 1,800ம் போனது. டர்னில் 9. அவருக்கு ஸ்ட்ரெய்ட். ரிவரில் 2. நான் எழுந்து நின்றேன்.

மறுநாள் போட்ட கணக்கு இதுதான். சிப்பைப் பவுண்டாக மாற்ற ஐசிஎம் என்ற முறை இருக்கிறது. ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு அவர் வைத்திருக்கும் சிப்பின் விகிதம். அவரை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களுக்குள் அதே விகிதத்தில் இரண்டாமிடம். இப்படியே கீழே வரை. டேவிட் ஹார்வில் 1973ல் குதிரைப் பந்தயம் போன்ற பலர் ஓடும் போட்டிகளுக்காக எழுதிய வாய்பாடு. 1987ல் மேசன் மால்முத் அதைப் போக்கர் போட்டிக்குக் கொண்டுவந்தார்.

நான் விலகியிருந்தால் 13,800 சிப். அதன் மதிப்பு சுமார் 85 பவுண்ட். எல்லாம் போட்டு வென்றால் 30,600 சிப். அதன் மதிப்பு சுமார் 124 பவுண்ட். தோற்றால் பூஜ்யம். சிப் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, பவுண்ட் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. 85ஐ 124ஆல் வகுத்தால் 69 சதவீதம். அந்த மறு உயர்த்தல் லாபமாக இருக்க நான் நூற்றுக்கு 69 முறை வெல்ல வேண்டும். சிப்பை மட்டும் பார்த்தால் 45 முறை போதும். என் தலையில் இருந்தது அந்த 45தான்.

என் ஏஸ்கள் அவருடைய 10, 9, 8, 7க்கு எதிராக 60 சதவீதத்தைக்கூடத் தொடாது. சரி, அவரிடம் அந்தக் கை இருந்தது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு கைக்கு எதிராகவே மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் என்று மேலே சொன்னேன். அதுவும் 69க்குக் கீழே. ஒமாஹாவின் மிகப் பெரிய ஜோடி கையில் இருந்தும், அந்த இடத்தில், அந்த ஸ்டாக்கில், கால் வரும் என்று தெரிந்து எல்லாவற்றையும் போடுவது நட்டம்.

அவர் விலகுவாரே என்று கேட்கலாம். விலக மாட்டார். நான் உயர்த்தியதும் நடுவில் 18,000. அவர் போட வேண்டியது 9,000, பிறகு என் 1,800க்கு ஈடு. மூன்றில் ஒரு முறைக்கு மேல் வென்றாலே அவருக்கு ஆதாயம். ஏஸ் என்று என் முகத்தில் எழுதியிருந்தாலும், சேர்ந்து நிற்கும் நான்கு சீட்டு எதற்கும் அந்த மூன்றில் ஒன்று உண்டு. தோற்றாலும் அவரிடம் 19,000 இருக்கும். ஹோல்டமில் 12 பெரிய பிளைண்ட் இருக்கும்போது எல்லாவற்றையும் தள்ளி எதிராளியை விரட்டலாம். அதற்கென அட்டவணைகளே உண்டு. பாட் லிமிட்டில் அந்த அட்டவணைகள் உதவாது. முதல் ஆளாகப் போனால் மூன்றரை பிளைண்ட்தான் உச்சம். இரண்டாவது ஆளாகப் போனால் எல்லாம் உள்ளே போகும், ஆனால் எதிராளி அதற்குள் போட்டுவிட்ட பணம் அவரைப் பிடித்து வைத்திருக்கும்.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? என் நண்பர் ஒருவரிடம் இந்தத் தாளைக் காட்டினேன். முதலில் அவர் சொன்னது, "ரெண்டு ஏஸ் வந்தா எவன்டா சும்மா கால் பண்ணுவான்?" அப்புறம் அவரே பேனாவை வாங்கிக்கொண்டார்.

3,000 போட்டுக் கால் செய்தால் பாட் 9,000, என்னிடம் 10,800. ஃப்ளாப்பில் நான்தான் முதலில் பேச வேண்டும். ஃப்ளாப் எனக்குச் சாதகமாக, உதாரணமாக கிங், 6, 2 என்று மூன்று இனமாக விழுந்தால், நான் முதலில் 9,000 கட்டுகிறேன். 10, 9, 8, 7 வைத்திருப்பவருக்கு அங்கே ஒன்றுமில்லை, விலகியாக வேண்டும். என் சிப் 19,800 ஆகும். அதன் மதிப்பு சுமார் 102 பவுண்ட். யாரும் சீட்டைக் காட்டாமல் 85, 102 ஆகிறது. ஃப்ளாப் மோசமாக, 9, 8, 6 என்று இரண்டு ஸ்பேடோடு விழுந்தால் தட்டிவிட்டு விலகுகிறேன். 10,800 மிச்சம், அதன் மதிப்பு சுமார் 75 பவுண்ட். கெட்டால் 10 பவுண்ட் கெடும். நான் அன்று செய்ததில் கெட்டால் 85ம் போகும். அதைவிட, சின்ன பிளைண்டில் 5,400 வைத்திருப்பவர் இன்னும் மேசையில் இருக்கிறார். அவர் நாலரை பிளைண்டோடு உட்கார்ந்திருக்கும்போது, 10,800 சிப் என்பது அவசரப்பட வேண்டிய ஸ்டாக் இல்லை.

ஃப்ளாப்புக்கு முன் எல்லாக் கைக்கும் எல்லாக் கையோடும் கிட்டத்தட்ட சமமான சண்டை. ஃப்ளாப் விழுந்ததும் அந்தச் சமம் உடைகிறது. பெரும்பாலும் ஒருவர் மிகவும் முன்னே, ஒருவர் மிகவும் பின்னே. சிறிய ஸ்டாக்கை வைத்திருப்பவர் அந்த உடைவுக்குப் பிறகு, முதல் ஆளாகப் பணம் போட வேண்டும். நான் இரண்டாவது கையில் தெரியாமலே செய்தது இதுதான். மூன்றாவதில் செய்யத் தவறியதும் இதுதான். இடையில் ஒன்பதிலிருந்து ஐந்து வரை வந்ததும் இதே வழியில்தான்.

நான் இருபது பெரிய பிளைண்டுக்கு மேல் வைத்திருந்தால், அல்லது பரிசுக்கு நெருக்கமில்லாத நேரமாக இருந்தால், அதே ஏஸ்களை வைத்து அதே மறு உயர்த்தலைச் செய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது தேவையான சதவீதம் கீழே வரும். பெரிய ஸ்டாக்காரருக்குப் பதிலாக 13,000 வைத்திருந்தவர் உயர்த்தியிருந்தால், தோற்றாலும் எனக்கு 2,000 மிஞ்சியிருக்கும், விலக வேண்டிய பயம் அவருக்கும் இருந்திருக்கும். அப்போது கணக்கு வேறு. அன்று அந்த மேசையில் என்னை வெளியேற்றக்கூடியவர்கள் இருவரே. அவர்களில் பெரியவரோடு போய் மோதினேன்.

சின்ன பிளைண்டில் 5,400 வைத்திருந்தவர் என் கைக்குப் பிறகு நான்கில் ஒருவராகி, கடைசியில் மூன்றாமிடம் வரை போனார். 90 பவுண்ட். நான் எழுந்து கோட் மாட்டும்போது அவர் கை கொடுத்து, நல்ல கைதான், என்ன செய்வது என்றார்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் எனக்கு ஓயவில்லை. அன்று விழுந்த ஃப்ளாப் ஜாக், 8, 3, மூன்றும் வெவ்வேறு இனம். நான் கால் மட்டும் செய்திருந்தால் அந்த ஃப்ளாப்பில் 9,000 கட்டியிருப்பேனா, தட்டியிருப்பேனா? என்னிடம் ஏஸ்கள், ஜாக்குக்கு மேலே எதுவும் மேசையில் இல்லை. ஆனால் சேர்ந்து நிற்கும் கைகள் எல்லாம் அந்த ஜாக்கிலும் 8லும் ஏதாவது பிடித்துக்கொள்ளும், அவர் விலகியிருக்க மாட்டார். நண்பர் கட்டு என்கிறார். நான் இப்போதைக்குத் தட்டிப் பார்க்கும் பக்கம் சாய்கிறேன். அடுத்த வாரம் இருவரும் சீட்டைப் பிரித்து வைத்து, அவருடைய கைக்கு இருபது முப்பது வகையை எழுதி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கப் போகிறோம்.